முழுக்கட்டு பதினொன்று

மாவுக்கட்டு அறைக்கு வருகிற யாரிடமும் அக்கா முதலில் வலியைப் பற்றிக் கேட்க மாட்டார்.

"எந்த ஊரு? எதுல வந்தே?"

ஒடிந்த கையை மறுகையால் தாங்கிக்கொண்டு நிற்பவருக்கு எரிச்சல் வரும். "கை உயிர் போவுதும்மா, நீ ஊரக் கேக்கற?"

"ஒடிஞ்சா வலிக்காம இனிக்குமா? எதுல வந்தே, அத சொல்லு."

பிறகு மற்ற கேள்விகள் வரும். வீட்டில் யார் இருக்கிறார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ராத்திரி விரல் நீலமானால் யார் எந்த வண்டியில் கூட்டி வருவார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகுதான் மாவுச் சுருளைத் தண்ணீரில் முக்குவார்.

காரணம் எளிமையானது. புதிதாக ஒடிந்த இடம் இரண்டு நாள் வீங்கும். மாவுக்கட்டு காய்ந்தால் கல் மாதிரி, வீக்கத்துக்கு இடம் தராது. உள்ளே ரத்தம் ஓட வழியில்லாமல் போனால் சில மணி நேரத்தில் சதை சாகத் தொடங்கிவிடும். சுற்றிலும் மூடிப் போடுவது முழுக்கட்டு. பின்பக்கம் மட்டும் மாவு வைத்து முன்பக்கம் துணி சுற்றிவிடுவது அரைக்கட்டு. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு முழுக்கட்டு போடலாம், இறுகினால் ஓடி வந்துவிடுவார்கள். தூரத்துக்காரர்களுக்கு முதலில் அரைக்கட்டு, வீக்கம் வடிந்ததும் முழுக்கட்டு. இது அக்காவின் சட்டம். டாக்டரின் சீட்டில் வேறு எழுதியிருந்தால் சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் சட்டப்படி செய்வார். டாக்டர் வந்து கத்துவார். "நீங்க கத்துங்க சார், கட்டு காயட்டும்" என்பார்.

நான் பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுப்பவள். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஈரப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடமிருந்து கிளம்புகிறவர்கள் நேராக அக்காவிடம்தான் போவார்கள். நடுவில் ஒரு மரத் தடுப்பு மட்டும் இருந்ததால் அங்கே நடக்கும் பேச்சு முழுக்க எனக்குக் கேட்கும்.

ஒருநாள் வெள்ளை வேட்டியில் ஒருவர் வந்தார். சண்டையில் மணிக்கட்டு சுளுக்கியிருந்தது. படத்தில் எலும்பு சுத்தமாக இருந்தது. அவருக்கோ போலீசில் காட்ட முழங்கை வரைக்கும் கட்டு வேண்டும்.

"பெருசா போடும்மா. கேசுக்கு வேணும்."

"சுளுக்குக்கு யாராவது கட்டு போடுவாங்களா? எண்ண தேச்சிக்கோ."

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"படத்துல எலும்புதான் தெரியுது. பேரு தெரியல."

வெள்ளை வேட்டி மேலிடத்தில் புகார் செய்தது. அக்காவுக்கு மெமோ வந்தது. அது எத்தனையாவது மெமோ என்று கேட்டேன். "நீதான எல்லாத்தயும் எண்றவ, எண்ணி வெச்சிக்கோ" என்றார். நான் எதையும் பட்டியல் போடுவேன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் 'லிஸ்ட்டு'.

அக்காவிடம் சான்றிதழ் எதுவும் கிடையாது. எங்கள் புதுச்சேரியில், தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்துக்காரர். கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்து, கட்டு போடுகிறவருக்கு உதவியாக நின்று, அவர் ஓய்வு பெற்றதும் அந்த வேலையையும் தானே செய்ய ஆரம்பித்தவர். சம்பளப் பதிவேட்டில் கடைசிவரை 'தினக்கூலி, துப்புரவு' என்றுதான் இருந்தது. வயது நாற்பது இருக்கும். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரிய டாக்டர் 'ஏம்மா' என்பார், மற்றவர்கள் எல்லாருக்கும் அக்கா.

சுனாமிக்கு அடுத்த வருடம் வடக்கே எல்லை மலைகளில் நிலம் நடுங்கியது. எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குழு போவதாக முடிவானது. பெரிய டாக்டர், மயக்க மருந்து டாக்டர், இரண்டு நர்சுகள், தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே இயந்திரத்தோடு நான். கட்டு போடுவதற்குச் சான்றிதழ் உள்ள ஒருவரை வேறு ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டிருந்தார்கள். தீபாவளி நெருங்குவதால் அவர் வர முடியாது என்றுவிட்டார். அக்கா நிர்வாக அறைக்குப் போய் நின்றார். நிர்வாக அதிகாரி பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். எல்லாரும் அவரை முசியே என்றே கூப்பிடுவார்கள்.

"எங்க ஊருக்கு சுனாமிக்கு எங்கெங்கிருந்தோ வந்தாங்க முசியே. எங்களுக்கு இன்னா அனுப்ச்சாங்க தெரியுமா? கம்பளி ஸ்வெட்டர். மூட்ட மூட்டையா. சித்திர வெயில்ல ஸ்வெட்டர வெச்சிகினு இன்னா பண்றது? படகு தொடைக்கிறோம். நான் போனா அத எடுத்துனு போறேன். அங்கயாவது போட்டுக்கட்டும்."

அப்படித்தான் இரண்டு சாக்கு ஸ்வெட்டர்களோடு அக்கா ரயில் ஏறினார். பழையவைதான், ஆனால் தோய்த்து மடித்து வைத்தவை. எங்கள் குழு கொண்டுபோன பொருட்களின் பட்டியல் என்னிடம் இருந்தது. அவற்றில் முதல் நாளே முழுவதும் பயன்பட்டது அந்த இரண்டு சாக்குகள் மட்டும்தான்.

முகாம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கல்லும் தகரமும் கிடந்தன. வாகனம் வரும் பாதை அங்கே முடிந்தது. அதற்கு மேலே மலை. மேலிருந்து கயிற்றுக் கட்டில்களில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்தபடி இருந்தார்கள். நிலம் நடுங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டுக் கூரைகள் மண்ணும் மரமும் சேர்ந்த கனமான கூரைகள் என்பதால் பெரும்பாலும் கால்களும் இடுப்பும்தான் நசுங்கியிருந்தன. சுள்ளியும் பழந்துணியும் வைத்துக் கட்டிய எலும்புகள் கோணலாகப் பிடிக்க ஆரம்பித்திருந்தன. அவற்றை இழுத்து நேராக்கிக் கட்டு போட வேண்டும். இழுத்தால் மறுபடி வீங்கும்.

குளிர் எங்களை முட்டாளாக்கியது. புதுச்சேரியில் நூறு எண்ணுவதற்குள் இறுகும் மாவு அங்கே பிசைந்த மாவாகவே கிடந்தது. அக்கா தண்ணீரை அடுப்பில் வைத்து வெதுவெதுப்பாக்கி முக்கினார். கை வெடித்து ரத்தம் கசிந்தது. முதல் இரண்டு நாள் எங்களுக்கு மொழி தெரிந்த துணை யாரும் இல்லை. டியூஷனில் படித்துப் பரீட்சை எழுதிய இந்தி எனக்குக் கொஞ்சம் இருந்தது. அதை வைத்துப் பெயர், வயது, ஊர் கேட்டுப் பதிவேட்டில் எழுதினேன்.

பெரிய டாக்டர் எல்லாருக்கும் முழுக்கட்டு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்னும் நிலம் ஆடிக்கொண்டிருந்தது, இடிபாட்டில் படுக்கிறவர்களுக்கு அரைக்கட்டு நிற்காது, பிறகு வந்து மாற்றிக்கொள்ளவும் மாட்டார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"லிஸ்ட்டு, இவங்க ஊரு எவ்ளோ தூரம்?"

நான் பதிவேட்டைப் பார்த்தேன். ஊர் என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். தூரத்துக்குக் கட்டம் இல்லை.

"பக்கத்துலதான் இருக்கும்க்கா. தூக்கினு நடந்துதான வந்திருக்காங்க."

எங்கள் ஊரில் நடந்து வருகிறவர் என்றால் பக்கத்துத் தெருக்காரர். வீடு இருந்த சாரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கே நான் பஸ்ஸில்தான் வருவேன். சமதரையாகக் கிடக்கும் ஊரில் பிறந்தவளுக்கு வேறு கணக்கு தோன்றவில்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை. இரண்டு நாளில் பதினொரு முழுக்கட்டு போட்டார். டாக்டருக்குப் பணிந்து அக்கா வேலை செய்து நான் பார்த்தது அந்த இரண்டு நாள்தான்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்தார். தலையில் கட்டு, மற்றபடி நடமாட முடிந்தவர். தன் மாணவர்களின் வீட்டார் யாராவது வந்தார்களா என்று தேடி என் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். நான் வாசிக்க வாசிக்க ஊர்களைக் கையால் காட்டினார். இது அந்த முகட்டுக்கு அப்பால். இது ஒரு நாள் நடை. இது ஒன்றரை நாள். கையைக் கீழே இறக்கவே இல்லை.

அக்காவுக்குச் சொன்னேன். அவர் நேராகக் கூடாரத்துக்குப் பின்னால் போனார். முந்தின நாள் முழுக்கட்டு போட்ட கிழவர் ஒருவர், மகன் தார்ப்பாய் வாங்கி வரட்டும் என்று அங்கேயே படுத்திருந்தார். அக்கா அவருடைய போர்வையை விலக்கிக் கால்விரல்களைப் பார்த்துவிட்டு பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்.

"குளிர்ல இங்க எல்லாருக்கும் விரல் நீலம்தாம்மா. என் விரலப் பாரு."

"உங்க விரல அப்புறம் பாக்கறேன் சார். இந்தாளோட கட்டு போடாத கால் விரலு செவப்பா இருக்குது. கட்டு போட்ட கால்தான் நீலம். ஒரு காலுக்கு மட்டும் குளிருமா?"

"நான் சொல்லாம வெட்டாத."

"நீங்க சொல்றதுக்குள்ள கால் பூடும்."

கத்திரியை வைத்து மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக வெட்டினார். மாவோடு நிறுத்தாமல் உள்ளே சுற்றியிருந்த பஞ்சையும் தோல் தெரிகிறவரை பிளந்தார். கிழவர் நீளமாக மூச்சு விட்டார். கால் மணி நேரத்தில் நகத்தை அழுத்தினால் சிவப்பு திரும்பி வந்தது. பெரிய டாக்டர் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் பத்து பேரு சார். மேல போய்ட்டாங்க. நான் போய் வெட்டிட்டு வரேன்."

"பைத்தியமா உனக்கு? பனி விழப் போகுது. நாளைக்கு இங்க இன்னும் அம்பது பேர் வருவாங்க. அவங்களுக்குக் கட்டு யாரு போடறது?"

"நர்சம்மாக்கு ரெண்டு நாளா காட்டிக் குடுத்துனுதான் இருக்கேன். அரக்கட்டு நல்லா போடுறாங்க. அரக்கட்டே போடட்டும்."

"அனுமதி இல்லாம போனா திரும்ப வந்து வேலை கேக்காத."

"வேலையப் பத்தி ஊர்ல போய்ப் பேசிக்கலாம் சார். அது நீங்க எழுதின கட்டு. ஆனா கைபோட்டுச் சுத்துனவ நானு."

வாத்தியார் கூட வருவதாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, யார் அதிக தூரமோ அவர் முதலில் என்று பத்துப் பெயர்களையும் பதிவேட்டு எண்ணோடு தமிழில் எழுதிக் கொடுத்தேன். அக்கா நாலாம் வகுப்பு வரை படித்தவர், எழுத்துக் கூட்டி வாசிப்பார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். இயந்திரத்தைத் தொடத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாதபோது அதை விட்டுவிட்டு வர முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"உன்ன யாரு கூப்ட்டா? மிஷினப் பாரு. அந்த நோட்டுல தூரத்துக்கு ஒரு கோடு போடு" என்றார்.

குப்பத்துச் சாக்கில் மிச்சமிருந்த இரண்டு ஸ்வெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, சேலையை இடுப்பில் செருகி, ராணுவ லாரிக்காரர் கொடுத்த பூட்ஸோடு மலையேறினார். அதுவரை அவர் ஏறிய பெரிய உயரம் எங்கள் ஊர்க் கலங்கரை விளக்கம்தான்.

ஐந்து நாள் தகவல் இல்லை. ஆறாம் நாள் மதியம் முதலில் வாத்தியார் தெரிந்தார். பின்னால் நாலு பேர் தூக்கிய கட்டில். அதன் பக்கத்தில் கட்டிலின் சட்டத்தைப் பிடித்தபடி அக்கா. உதடு வெடித்து, முகம் கறுத்து, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். வந்ததும் என் பட்டியலைத் திருப்பித் தந்தார். ஒன்பது பெயர்களுக்கு எதிரில் பென்சில் கோடு இருந்தது.

"ஒரு ஆளு அருவாள வெச்சி கட்ட தானே வெட்டினு உக்காந்திருக்கான்" என்றார். "எனுக்குக் காட்டி சிரிக்கிறான். அவன்தான் அறிவாளி. நாலு பேருக்கு வெட்டாம உட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. மத்த நாலு பேரு தப்பிச்சாங்க."

"பத்தாவது?"

"ஏழாம் நம்பருன்னு எழுதிக் குடுத்தியே."

பதிவேட்டில் ஏழாவதாக இருந்த பெண் கட்டிலில் இருந்தாள். வயது இருபத்திரண்டு, ஏறக்குறைய என் வயது. முதல் நாள் நான் எடுத்த படம் நினைவில் இருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரே ஒரு முறிவு, சில்லு எதுவும் இல்லை. கட்டு போட்டு ஆறு வாரத்தில் நடந்திருக்க வேண்டிய கால். இப்போது பாதம் கறுத்திருந்தது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். முழங்காலுக்கு ஒரு சாண் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

"ஏழாம் எண்ணுக்கு அனுப்புச் சீட்டு எழுதணும்" என்றேன் நர்சிடம்.

அக்கா என் கையிலிருந்த பேனாவைப் பிடித்து நிறுத்தினார். "ஏழு ஏழுங்காத. அவ பேரு ஜைதூன். ஒன்ற நாளு அவ பக்கத்துல நடந்து வந்தேன்."

ஜைதூனின் அண்ணன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். வாத்தியார் எனக்குச் சொன்னார், நான் அக்காவுக்குச் சொன்னேன். மலை எடுத்துக்கொண்டது, ஆண்டவன் விருப்பம், இவ்வளவு தூரம் வந்தீர்களே என்று நன்றி சொல்கிறார்.

அக்கா கையை இழுத்துக்கொண்டார். "மலை எடுக்கலன்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. கட்டிலை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அதை எப்படிச் சொல்வது? மொழி போதாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஊர் வந்து சேர்ந்த பிறகும் என்னிடம் பேசவில்லை.

புதுச்சேரி வந்த மறுவாரம் இரண்டு காகிதங்கள் தயாராக இருந்தன. ஒன்று, குழுவின் அறிக்கை. அதில் ஜைதூனைப் பற்றிய வரி, 'நிலநடுக்கத்தில் நசுங்கியதால் கால் அகற்றப்பட்டது' என்று இருந்தது. இன்னொன்று அக்காவுக்கு மெமோ. அனுமதி இல்லாமல் முகாமை விட்டுப் போனதற்கு விளக்கம் தர வேண்டும்.

முசியே அக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவே அதிசயம். அறிக்கையில் குழுவினர் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

"இதுல ஒரு கையெழுத்து போட்டுடும்மா. மெமோவ நான் கிழிச்சிடறேன். பெரிய டாக்டரும் ஒத்துக்கிட்டார். நீ செஞ்சது நல்ல காரியம்தான், யாரு இல்லன்னா?"

"நசுங்கிப் போச்சுன்னு எழுதிகீதே."

"ஆமா."

அக்கா என் பக்கம் திரும்பினார். இத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. "உன் படத்துல இன்னா இருந்துது?"

"ஒரே முறிவு. நசுங்கல் இல்ல."

"அப்ப ஏன் வாய மூடினு நிக்கற? காயிதம் எடு."

அந்த அறையில், முசியேவின் மேசையிலேயே எழுதினோம். அக்கா சொல்லச் சொல்ல நான் எண் போட்டு எழுதினேன்.

ஒன்று. ஜைதூன் என்பவருக்கு வலது காலில் முழுக்கட்டு போட்டது நான். ஊர் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளாமல் போட்டேன்.

அங்கே நான் நிறுத்தினேன். "பக்கம்தான்னு சொன்னது நான்தானேக்கா."

"அத ரெண்டாவதா எழுது."

இரண்டு. பக்கத்தில்தான் இருக்கும் என்று விசாரிக்காமல் சொன்னது எக்ஸ்ரே பிரிவைச் சேர்ந்த நான். அவருடைய முறிவு சாதாரண முறிவு.

மூன்று. கால் போனது கட்டு இறுகியதால். நிலநடுக்கத்தால் அல்ல.

நான்கு. ஆகவே எங்கள் ஆஸ்பத்திரி அவருக்குக் கால் செய்து கொடுக்க வேண்டும்.

நான்காவதை அக்கா சொன்னபோது முசியே எழுந்துவிட்டார். "நோன், நோன். இத நான் வாங்கவே மாட்டேன். ஆஸ்பத்திரி பேரு என்ன ஆகும்?"

"பேருக்குக் கால் இருக்குது முசியே, அது நடந்துக்கும். ரெண்டு காப்பி இருக்குது. ஒண்ணுல சீல் வெச்சிக் குடுங்க."

"சீல் வைக்க முடியாது."

"அப்ப இங்கதான் உக்காந்திருப்பேன். நீங்கதான உக்காருன்னீங்க."

உட்கார்ந்தார். முசியே சாப்பிடப் போய்விட்டு வந்தார். அக்கா அதே நாற்காலியில் இருந்தார். நான் நடுவில் ஆறு படம் எடுத்துவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் இருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல், பெற்றுக்கொண்டேன் என்பதற்கு மட்டும்தான் என்று மூன்று முறை சொல்லிவிட்டு, முசியே முத்திரை குத்திக் கொடுத்தார். "மெர்சி முசியே" என்றார் அக்கா. அவர் வாயில் அந்தப் பிரெஞ்சு நன்றியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த நகல் முசியேவுக்காகவோ அறிக்கைக்காகவோ வாங்கப்பட்டது இல்லை. என்னை உட்கார்த்தி அதை இந்தியில் எழுதச் செய்து, இரண்டையும் வாத்தியார் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். "நீ அன்னிக்கி சொல்லாம உட்டத இப்ப எழுத்துல சொல்லு" என்றார். வேலை போனது அவருக்குத்தான். தினக்கூலிக்குக் காரணம் எழுதத் தேவையில்லை, வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதாமல் விட்டால் போதும். எனக்கு ஒரு மெமோ வந்தது, அவ்வளவுதான். என்னிடம் சான்றிதழ் இருந்தது. அக்கா தவளக்குப்பம் கூட்டுரோட்டில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்துகொண்டார். அங்கேயும் டாக்டரோடு சண்டை என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம் ஆனி மாதத்தில் ஒரு காலை, புறநோயாளிச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் சலசலப்பு. போய்ப் பார்த்தேன். அக்குளில் கட்டைகளை ஊன்றிக்கொண்டு ஜைதூன் நின்றிருந்தாள். பக்கத்தில் வியர்த்துக் கொட்டும் அண்ணன். சீட்டுக்காரரிடம் அவள் நீட்டியது எங்கள் முத்திரை குத்திய காகிதம். நான்காவது வரியில் விரலை வைத்திருந்தாள். அந்த முத்திரைக்கு முசியே கொடுத்த அர்த்தம் மலையில் யாருக்கும் தெரியாது. முத்திரை இருந்தால் அது வாக்கு.

முசியே வந்து பார்த்தார். பெரிய டாக்டரை அழைத்தார்கள். அவர் காகிதத்தைப் படித்தார், முதல் மூன்று வரிகளையும் சேர்த்து. பிறகு குனிந்து காலின் மிச்சத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, செயற்கைக் கால் பட்டறைக்குச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டணம் என்ற இடத்தில் கோடு போட்டார். நான் கிளினிக்குக்குப் போன் செய்தேன். அக்கா அடுத்த பஸ்ஸில் வந்தார். வாசல் காவலர், வேலையில் இல்லாதவர்கள் பட்டறைக்குள் போகக்கூடாது என்றார்.

"வேலை செய்ய வரல. திட்டு வாங்க வந்திருக்கேன். வழிய உடு."

செயற்கைக் கால் செய்ய முதலில் காலின் மிச்சத்துக்கு அச்சு எடுக்க வேண்டும். அச்சு எடுப்பது மாவுக்கட்டில்தான். இது ஜைதூனுக்குத் தெரியாது. பட்டறைக்காரர் வெள்ளைச் சுருளைக் கையில் எடுத்ததும் அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அண்ணன் சமாதானம் சொன்னார். பட்டறைக்காரர், ஒண்ணுமில்லம்மா, அஞ்சு நிமிஷம், ஒண்ணுமே ஆகாது என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்போதுதான் வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தாள்.

நெடுநேரம் பார்த்தாள். பிறகு அண்ணனிடம் என்னவோ சொன்னாள். அவர் இந்தியில் என்னிடம் சொன்னார். நான் அக்காவிடம் சொன்னேன். இந்த முறை எதையும் விடவில்லை.

"அவங்க உங்கள மன்னிக்கலையாம்."

"கேக்கலயே நான்."

"கட்டு போடறதுன்னா நீங்கதான் போடணுமாம். மத்தவங்க ஒண்ணுமில்ல, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்வாங்களாம். நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்களாம்."

அக்கா உள்ளே வந்து கைகழுவினார். பட்டறைக்காரர் சுருளை அவரிடம் கொடுத்தார். அக்கா முக்காலியை இழுத்துப்போட்டு ஜைதூனுக்கு எதிரே உட்கார்ந்தார். தன் கையை உயர்த்திக் காட்டி, பிறகு அவளைச் சுட்டிக் காட்டினார். நிறுத்த வேண்டுமென்றால் கையைத் தூக்கு.

முதல் சுற்றிலேயே ஜைதூன் கையைத் தூக்கினாள். அக்கா நிறுத்தி, சுற்றைப் பிரித்து, ஓரத்தைத் தளர்த்தி, மறுபடி சுற்றினார். அடுத்த சுற்றிலும் தூக்கினாள். அது இறுகியிருக்க வழியே இல்லை, ஈர மாவு அப்போதுதான் தோலில் பட்டிருந்தது. அக்கா நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அவள் கையை இறக்கிய பிறகே தொடர்ந்தார்.

மொத்தம் பன்னிரண்டு சுற்று. பன்னிரண்டு முறையும் அவள் கையைத் தூக்கினாள். பன்னிரண்டு முறையும் அக்கா நிறுத்தினார்.